நட்டு வரல, மேசை வந்துச்சு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பாம்பன் பக்கம் வல்லத்து இன்ஜின், அதான் நாட்டுப்படகு இன்ஜின், தண்ணி மோட்டார், கெடச்ச எதையும் கழட்டி மாட்டுற ஆளு. மைக்கப் பாத்தா கை கொஞ்சம் ஒதறுது, ஆனா பேசச் சொன்ன விஷயமே ஒதறக் கூடாத ஒரு சாமானப் பத்தித்தான், வீட்டுலயே பட்டறை மேசை போடுறது எப்படின்னு.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் சும்மா கெடக்கும்ல, அப்பத்தான் நம்மாளுக எல்லா ரிப்பேரையும் கையில எடுப்பாக, எடுத்து எங்க வச்சுப் பாக்குறதுன்னா திண்ணையில சாக்க விரிச்சு குத்த வச்சுத்தான், சாயங்காலம் முதுகு நிமிராது.

நானும் அப்படித்தான் கெடந்துட்டு ஒருநா பழைய கதவுல நாலு கால அடிச்சு ஒரு மேசை போட்டேன். நானும் எம்மருமகனும் ஏறி நின்னு குதிச்சே பாத்தோம், கல்லு மாதிரி நின்னுச்சு. மறுநாளு சாமானக் கவ்விப் புடிக்கிற வைஸ மாட்டி துரு ஏறுன நட்டு ஒன்ன ரெண்டடி பைப்பு போட்டு இழுத்தா, நட்டு வரல, மேசை வந்துச்சு. காலு நாலும் ஒரே பக்கமா சாஞ்சு வைஸோட கீழ எறங்கி என் கால் பெருவெரல் நகம் போச்சு.

அப்பத்தான் புரிஞ்சுது, மேல இருந்து வர்ற பாரத்த எந்த மேசையும் தாங்கிரும்ங்க, பக்கவாட்டுல இழுக்குறதுதான் கொல்லும். நாலு சட்டத்த சதுரமா அடிச்சா ஆணியே கீல் மாதிரி மடங்கிரும், குறுக்க ஒரு சாய்சட்டம் போட்டு முக்கோணமாக்கிட்டா மடங்காது. பின்னால ஒன்னு, ரெண்டு பக்கமும் ஒவ்வொன்னு, அவ்வளவுதான்.

எங்க மச்சான் மகன் அமெரிக்காவுல இருக்கான், அங்க வேட்டைக்குப் போறவுக காலியான தோட்டாவ வீட்டுலயே திரும்ப ரொப்பிக்கிறாகளாம், அதுக்குன்னே மேசை போட்டு கைப்பிடி வச்ச பிரஸ் ஒன்ன மாட்டியிருக்கத வீடியோவுல காட்டுனான். நம்மூர்ல 1959 ஆயுதச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம அந்த வேலைப் பக்கமே தல வைக்கக் கூடாது, அது கெடக்கட்டும். நான் பாத்தது மேசைய. கைப்பிடிய அமுக்கும்போதும் சரி தூக்கும்போதும் சரி மேசையும் கூடவே எந்திரிக்கப் பாக்கும்ல, அதான் அந்த மேசையப் போட்டவன் பின்பக்கத்தச் சுவரோட போல்ட் போட்டுட்டு அடித்தட்டுல கனத்த ஏத்தி வச்சிருந்தான்.

நானும் அதே மாதிரி செஞ்சேன். கனத்துக்கு ஒடஞ்ச ஃப்ளைவீல், அதான் இன்ஜினோட கனத்த இரும்புச் சக்கரம், ரெண்டு கெடந்துச்சு. உங்ககிட்ட இல்லாட்டி கருங்கல்லு போடுங்க, கடல் மண்ண மட்டும் சாக்குல கட்டி வச்சிராதீங்க, உப்பு ஈரத்த இழுத்து ஸ்பேனர் பூராத்தையும் தின்னுரும். சுவரு ஹாலோ பிளாக்குன்னா ஸ்க்ரூ புடிக்காது, அந்தப்பக்கம் பட்டை வச்சு போல்ட்ட ஊடுருவி விடணும்.

காலுக்கு பழைய வீடு இடிக்கிற எடத்துல பனஞ்சட்டம் கேளுங்க. நல்ல வைரம் பாஞ்சதுன்னா கருப்பா இருக்கும், ஆணி மடங்கிரும், அதனால டிரில் போட்டுத்தான் போல்ட் மாட்டணும், கையில செராய் ஏறாம இழைச்சுக்குங்க. மணல்தரைன்னா கால் அடியில கடப்பாக்கல்லு துண்டு வைக்கணும், இல்லாட்டி ஒரே மழையில ஒரு கால் எறங்கி நிக்கும்.

மேல்பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை போட்ட, ஈரம் தாங்குற மரைன் பிளைவுட்டு 18 மில்லி ரெண்ட ஒட்டுனா கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்சு வரும். காசு கூடத்தான், ஆனா சாதா பிளைவுட்டு நம்ம கடக்காத்துல உரிஞ்சுக்கும். உயரம் அவுகவுக ஆளுக்குத் தக்கன, கைய தொங்கவிட்டா மணிக்கட்டு வர்ற எடம். வைஸ காலுக்கு நேர் மேல, ஓரத்தத் தாண்டி வாய் கொஞ்சம் வெளிய வர்ற மாதிரி வைங்க, அப்பத்தான் நீள ஷாஃப்ட செங்குத்தா புடிக்க முடியும். போல்ட்டெல்லாம் எஸ்எஸ்ல, அதான் துருப்புடிக்காத எவர்சில்வர்ல, வாங்குங்க.

முடிச்சதும் ஏறி நிக்காதீங்க, அந்த ரெண்டடி பைப்ப மாட்டி இழுங்க, ஒரு டம்ளர் தண்ணிய மேல வச்சுட்டு. தண்ணி அலம்புச்சுன்னா போல்ட்டு எங்கயோ லூசு.

கடைசியா மரத்துக்கு நான் வல்லத்துக்குப் பூசுற மீனெண்ணெயப் பூசிட்டேன். ஒரு வாரம் தெருப்பூன பூரா எங்க வீட்டுலதான், வீட்டுக்காரி மூஞ்சி குடுத்துப் பேசல. இப்ப என்னடான்னா உயரம் தோதா இருக்குன்னு அவ அதுலதான் மீனு வெட்டுறா, நான் இன்ஜினத் தூக்கிட்டு மறுபடி திண்ணைக்கு வந்துட்டேன்.