இரவு தங்கும் பஸ் எப்போது திரும்பி வரும்?

(வன்னிக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில், ‘தொற்றுநோயும் எமது அன்றாட வாழ்வும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, சிறப்பு விருந்தினர்களான சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் சாலை (டிப்போ) முகாமையாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி அவர்களே, கமக்காரர் அமைப்பின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பெரியோர்களே, பின்னால் மதிலில் ஏறியிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இரண்டு பேருக்குத் தனியாக நன்றி சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வராது. முதலாவது, எங்கள் வைத்திய அதிகாரி அம்மா. 2021இல் எங்கள் பாடசாலை மண்டபத்தில் சினோபாம் தடுப்பூசி போட்ட நாளை இங்குள்ள ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். நேரம் முடிந்து, கதிரைகளையும் அடுக்கிய பிறகு, பொல்லை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ‘நாளைக்கு வாங்கோ’ என்று அம்மா சொல்லவில்லை. அடுக்கிய கதிரையில் ஒன்றை இறக்கி, அவரை இருத்தி, ஊசி போட்டு, அரை மணித்தியாலம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். இரண்டாவது, சாலை முகாமையாளர் ஐயா. வேலை நாளில் நேரம் ஒதுக்கி இந்தக் குன்றும் குழியுமான வீதியால் வந்திருக்கிறார். மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். ஐயா, அந்த மரியாதை மனதார செய்தது. ஒரு மனுவும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று நாலு விஷயம் பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்தேன். தொற்று வந்தால் போக்குவரத்துக்கு என்ன நடக்கிறது, தொழிலுக்கு என்ன நடக்கிறது, பிள்ளைகளின் படிப்புக்கு என்ன நடக்கிறது, எங்கள் மனங்களுக்கு என்ன நடக்கிறது. போக்குவரத்தில் தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்.’ நான் படிப்பித்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர். இந்தப் பழமொழியை என் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் கேட்கப் போகிறீர்கள்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. நாடு முழுவதும் ஊரடங்கு. காலபோக அறுவடை முடிகிற நேரம். சிலருடைய நெல் இன்னும் களத்தில் கிடந்தது. பஸ் நின்றது, ரயில் நின்றது, சந்தை பூட்டியது. இடையிடையே சில மணித்தியாலம் தளர்த்துவார்கள், சனம் விழுந்தடித்துக்கொண்டு கடைக்கு ஓடும். ஜூன் 28ஆம் திகதிதான் ஊரடங்கை முழுமையாக எடுத்தார்கள். பிறகு ஒக்ரோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கிய தொற்றுக் கொத்தணி, அடுத்து கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று, 2021 மே மாதம் மாகாணங்களுக்கு இடையே பயணத் தடை, ஓகஸ்ட் 20 முதல் ஒக்ரோபர் முதலாம் திகதி வரை மறுபடி முடக்கம். இது முழு நாட்டுக்கும் பொதுவான கதை. கொழும்பும் கண்டியும் இதைக் கண்டன.

ஆனால் வன்னியில் ஒரு வாகனம் நின்றால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. சண்டையால் 1990இல் நின்ற ரயில் கிளிநொச்சிக்கு மறுபடி எப்போது வந்தது? 2013 செப்ரெம்பரில். யாழ்ப்பாணத்துக்கு அது போனது 2014 ஒக்ரோபரில். ஒரு பிள்ளை பிறந்து, கலியாணம் கட்டி, அதற்கும் பிள்ளை பிறக்கிற காலம். 2006 ஓகஸ்டில், சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி பூட்டியபோது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், ‘கொஞ்ச நாளைக்குத்தான்’ என்று சொன்னதை நம்பி இருந்தோம். அனுமதிப் பாஸ் எடுத்துப் பயணம் செய்வது எங்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. ஆகவே 2020இல் பஸ் நின்றதும் எங்கள் தாய்மார் முதலில் செய்த வேலை என்ன? அரிசியை அளந்து பார்த்தார்கள். மண்ணெண்ணெய் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தார்கள். வைரஸைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வீதி பூட்டினால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும். பட்ட காலிலே படும்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் ஆச்சி. பெயர் சொல்லவில்லை, ஆள் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார். ஆச்சிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. மாதாந்தம் கிளினிக். ஊரடங்கு வந்து மூன்றாவது கிழமை மருந்து முடிந்துவிட்டது. பல இடங்களில் தபால்காரர்கள் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அவர்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். ஆச்சியின் பொதி மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது. காலில் ஒரு புண், அது கறுக்கத் தொடங்கிவிட்டது. பஸ் இல்லை. ஓட்டோக்காரப் பெடியன் பயத்தில் வரமாட்டேன் என்கிறான். மோட்டார் சைக்கிளில் ஆச்சியால் இருக்க ஏலாது. என்ன செய்வது?

பேரன் ஒரு யோசனை பிடித்தான். கமத்தொழிலுக்குப் போகிறவர்களை மறிக்க மாட்டார்கள் என்று அறிவித்திருந்தார்கள். சரி என்று லான்ட்மாஸ்ரரை, அதுதான் பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, இழுத்தான். பெட்டியில் நாலு மூடை நெல்லை ஏற்றினான். மூடைகளுக்கு நடுவில் பழைய சாக்கை விரித்து ஆச்சியை இருத்தினான். தலைக்கு மேலே ஒரு படங்கு. ஆச்சியின் மடியில் கிளினிக் கொப்பி, ஒரு போத்தல் தண்ணீர், மத்தியானத்துக்கு ஒரு பொதி சோறு. ‘ஆச்சி, சந்தியில் மறித்தால் வாய் திறக்கக் கூடாது, நான் கதைக்கிறேன்’ என்று படித்துப் படித்துச் சொன்னான். ஆச்சியும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

சந்தியில் மறித்தார்கள். நின்றவர் ஓர் இளம் பொலிஸ்காரர், தென்பகுதிப் பெடியன், கொஞ்சம் தமிழ் தெரியும். ‘எங்க போறது?’ ‘வயலுக்கு சேர்.’ ‘என்ன இது?’ ‘விதைநெல் சேர்.’ அவர் படங்கைத் தூக்கிப் பார்த்தார். மூடைகளுக்கு நடுவில் ஆச்சி. கையில் கொப்பி. ‘வயலுக்கு எதுக்கு ஆச்சி கிளினிக் கொப்பி?’ என்று கேட்டார். பேரன் வாயைத் திறக்க முதல் ஆச்சி சொன்னார்: ‘நெல்லுக்குச் சீனி வருத்தம் தம்பி.’

(சிரிப்பு, கைதட்டல்)

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்தப் பொலிஸ்காரரும் சிரித்தார். பிறகு ஆச்சியின் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ‘கெதியாப் போங்க’ என்று சொல்லி, அடுத்த காவலரணுக்குத் தானே தொலைபேசி எடுத்து, இந்த லான்ட்மாஸ்ரரை மறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆச்சியின் கால் தப்பியது. ஒரு விரல் மட்டும் போனது. அந்தப் பொலிஸ்காரருடைய தாயும் எங்கேயோ ஒரு கிராமத்தில் பஸ் இல்லாமல் இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆச்சி தப்பினார். ஆனால் ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக நெல் மூடையாக வேஷம் போட வேண்டி வந்ததே, அதைத்தான் நான் இங்கே வைக்கிறேன்.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது, எங்கள் ஊரில் இரவு தங்கும் பஸ் ஒன்று இருந்தது. பின்னேரம் பட்டணத்தில் இருந்து கடைசியாக வரும் பஸ், இந்த வாசிகசாலை வளவுக்குள் நிற்கும். சாரதியும் நடத்துனரும் இதோ இந்த விறாந்தையில் படுப்பார்கள். முறை வைத்து வீடுகளில் இருந்து இரவுச் சாப்பாடு போகும். புட்டும் மீன்குழம்பும் என்றால் நடத்துனர் முதல் நாளே விசாரித்து வைத்துவிடுவார். விடிய ஐந்தரைக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு வெளிக்கிடும். அந்த ஹோர்னுக்குத்தான் ஊர் எழும்பும். ஆஸ்பத்திரி போகிறவர், கந்தோருக்குப் போகிறவர், பாற்சபைக்குப் பால் கொண்டுபோகிறவர், உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ஒரு பஸ்.

தொற்று வந்தது. ஊரடங்கு எடுத்த பிறகும், வெளியில் இருந்து வருகிற இரண்டு பேர் ஊருக்குள் படுப்பதற்குச் சனம் பயந்தது. சாரதிமாருக்கும் பயம், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகுட்டிகள். ஒருவரையும் குறை சொல்ல ஏலாது. ஆகவே பஸ் இரவில் தங்காமல் பட்டணத்து டிப்போவுக்குத் திரும்பியது. இரவு தங்காவிட்டால் விடிய ஐந்தரைக்கு எங்கிருந்து வெளிக்கிடும்? முதல் பஸ் எட்டு மணி தாண்டி வந்தது. எட்டு மணிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்கத் துண்டு எடுக்க முடியாது, பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். சனம் ஏறவில்லை. ஆசனங்களின் எண்ணிக்கைக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற விதி வேறு. வருமானம் விழுந்தது. நட்டம் என்று எழுதினார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடியில் டீசல் இல்லாமல் போனது, அந்த ஓட்டமும் நின்றது. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையும் வந்து, டீசல் வரிசையும் போய், உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5ஆம் திகதி கொவிட் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. எங்கள் ஐந்தரை பஸ்ஸுக்கு மட்டும் அந்த அவசரநிலை இன்னும் முடியவில்லை.

இதைத்தான் ‘கெட்ட குடியே கெடும்’ என்கிறேன். பட்ட கால் ஏன் மறுபடி படுகிறது? அது நொண்டுகிற கால். கல்லைக் கண்டாலும் விலக ஏலாது. கொழும்பில் பஸ் நின்றால் அடுத்த கிழமை ஆயிரம் வாகனம் வரும். எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

வைத்திய அதிகாரி அம்மா இருக்கும்போது மருத்துவம் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம், மன்னிக்க வேண்டும். கொவிட் மூச்சுக்காற்றால் பரவியது. மூடிய இடத்தில், நின்ற காற்றில் அதிகம் பரவியது. அப்படியென்றால் யன்னல் பூட்டிக் குளிரூட்டி போட்ட தூரப் பயண வண்டிக்குத்தான் கூடுதல் ஆபத்து. யன்னல் எல்லாம் திறந்து, இரண்டு கதவாலும் காற்றடிக்கிற கிராமத்து பஸ்ஸுக்கு அவ்வளவு இல்லை. அம்மா தலையாட்டுகிறார், நன்றி அம்மா. அப்படியானால் கட்டுப்பாடு வந்ததும் முதலில் வெட்டுப்படுவது ஏன் கிராமத்து பஸ்ஸாக இருக்க வேண்டும்? அடுத்த தொற்று வந்தால், முகக்கவசம் போட்டு, யன்னல் திறந்து, ஆஸ்பத்திரிக்கும் அத்தியாவசிய வேலைக்கும் போகிறவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, கிழமையில் இரண்டு நாளாவது அந்த பஸ் ஓட வேண்டும். இதை இப்போதே எழுதி வைக்க வேண்டும், ஊரடங்கு வந்த பிறகு கடிதம் எழுதிப் பயனில்லை.

இந்த மண்ணில் நோயை வென்ற முறை ஒன்றும் இருக்கிறது. மலேரியா வன்னியை எப்படித் தின்றது என்று எங்கள் தாத்தாமார் சொல்லியிருக்கிறார்கள். 2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. காட்டோரக் கிராமங்களுக்கு நடமாடும் மலேரியா கிளினிக் வந்தது, சண்டைக் காலத்திலும் சுகாதாரத் தொழிலாளர்கள் வந்தார்கள், விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். நோயாளியைத் தேடி வாகனம் வந்ததால்தான் அந்த நோய் போனது.

தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பேலியகொடைச் சந்தை பூட்டியபோது முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு விலை இல்லாமல் போனது. சனம் மீன் தின்னப் பயந்தது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார், பார்த்திருப்பீர்கள். எங்கள் பூசணியும் பப்பாசியும் தம்புள்ளைக்குப் போகாமல் தோட்டத்திலேயே அழுகின. கூலிக்குப் போகிறவர்களின் பாடு தனியாகச் சொல்ல வேண்டிய கதை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆடைத் தொழிற்சாலை மறுபடி திறந்ததும், எங்கள் பெண்பிள்ளைகளை ஏற்ற அவர்களுடைய பஸ் இதே வீதியால் விடிய வந்தது. இன்றைக்கும் வருகிறது. வீதி சரியில்லை, அதனால் அரச பஸ் விட முடியாது என்று எங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஒரே வீதி, ஒரே குழி. தையல் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஓடுகிற வீதியில், உயர்தரம் படிக்கப் போகிற பிள்ளைக்கு ஏன் ஓடாது?

படிப்பும் அப்படித்தான். குளக்கட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மூலையில் ஒரு தொலைபேசியைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படித்ததை நாங்கள் பார்த்தோம். 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பல்கலைக்கழகம் போனார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் காலையில் போக பஸ் இல்லாமல் இடையில் நின்றவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள். வீட்டில் ‘ஓட்டோவுக்குக் கட்டாது’ என்று ஒரு சொல், அதோடு முடிந்தது. மனநிலை பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் மணியைப் பார்க்கிறார். கலை நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டு நிற்கிறார்கள், அவர்களைக் காக்க வைக்கக் கூடாது.

சாலை முகாமையாளர் ஐயா, மனு இதுதான். இரவு தங்கும் பஸ்ஸைத் திருப்பித் தாருங்கள். பிரதேச செயலாளர் ஐயா, அந்த வீதியின் மோசமான துண்டுக்காவது கிறவல் போட உதவுங்கள். சாரதி, நடத்துனருக்கு இனி விறாந்தை வேண்டாம். வாசிகசாலையின் பின் அறையை ஒதுக்கித் தர நிருவாக சபை தீர்மானித்துவிட்டது. தனிக் கிணறு, தனி மலசலகூடம் உண்டு. தொற்றுக் காலம் வந்தாலும் அவர்கள் ஊரோடு முட்டாமல் தங்கலாம். இரண்டு கட்டில் கிடைத்துவிட்டது. மெத்தை ஒன்று, நுளம்புவலை இரண்டு, மின்விசிறி ஒன்று வேண்டும். வாசலில் இருக்கும் மேசையில் இரண்டு கொப்பி வைத்திருக்கிறோம். ஒன்றில் மனுவுக்குக் கையெழுத்து, மற்றதில் யார் எதைத் தருகிறீர்கள், எந்த வீட்டில் எந்த நாள் சாப்பாடு என்று எழுதுங்கள். புதன்கிழமைக்கு ஆச்சி முதலே பெயர் கொடுத்துவிட்டார். நன்றி, வணக்கம்.