இரண்டு கணக்குப் புத்தகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னிப்பைப் பற்றிப் பேச அழைத்தபோது தயங்கினேன். ஒரு நண்பனோடு பதினோரு ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன் நான். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் சின்னது. இருவருக்கும் ஒரே அலுவலகம். நான் ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்த ஒரு திட்டத்தை, கூட்டத்தில் தன்னுடையதுபோல் எடுத்துச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டான். நான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பேச்சை நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்! ஓட்ட ஓட்ட, அவன் சிரிப்பில் ஏளனம் கூடிக்கொண்டே வந்தது. நான் சொல்லாமல் விட்ட பதிலும் மெருகேறிக்கொண்டே வந்தது.

இப்படி ஓட்டிப் பார்ப்பது உடம்பை என்ன செய்கிறது என்று அமெரிக்காவில் சார்லட் விட்வ்லியட் என்ற உளவியலாளர் தன் குழுவோடு ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் 71 பேர். ஒவ்வொருவரும் தன்னை நிஜமாகவே புண்படுத்திய ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரம் கறுவ வேண்டும்; சற்று நேரம் அவரை மன்னிப்பதாக எண்ணிப் பார்க்க வேண்டும். கறுவியபோது இதயத் துடிப்பு கூடியது, ரத்த அழுத்தம் ஏறியது, புருவம் நெரிந்தது. மன்னிப்பதாக எண்ணியபோது அந்த அளவுக்கு இல்லை. புண்படுத்திய ஆள் அந்த அறையில்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆனால் இதை வைத்துக்கொண்டு, 'கோபத்தை விட்டால் மாரடைப்பே வராது' என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்ப வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் சில நிமிடங்கள் நடந்ததை மட்டுமே அது சொல்கிறது.

எனக்கு இதைவிட உறைத்தது 1990-இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. பிறர் தனக்குக் கோபமூட்டிய கதை ஒன்று, தான் பிறருக்குக் கோபமூட்டிய கதை ஒன்று என இரண்டு கதைகளை எழுதச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவராக எழுதியபோது, காரணமே இல்லாமல் நடந்தது, அதன் வலி இன்னும் இருக்கிறது என்ற தொனி. தவறு செய்தவராக எழுதியபோது, அதற்கு ஒரு காரணம் இருந்தது, அது அன்றோடு முடிந்துபோனது என்ற தொனி. கவனியுங்கள், இரண்டையும் எழுதியவர்கள் ஒரே ஆட்கள். நமக்கு வர வேண்டியதை ஒரு புத்தகத்தில் வட்டியோடு எழுதுகிறோம். நாம் தர வேண்டியதற்கு இன்னொரு புத்தகம், அதில் பாதிப் பக்கம் காலி.

பொறுத்தல் என்ற சொல்லைப் பாருங்கள். மன்னிப்பது என்றும் பொருள், சுமப்பது என்றும் பொருள். பொறை என்றாலே பாரம். பொறுப்பதைவிட மறப்பது நல்லது என்கிறது குறள். எனக்கு அந்த இரண்டாவது கைவரவில்லை. நினைவு இருந்துவிட்டுப் போகட்டும், வசூலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் படுகிறது.

'அவன் வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளைப் பற்றிப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-இல் விசாரணையைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை மறைக்காமல் முழுதாகச் சொன்னவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கலாம் என்று சட்டம் இருந்தது. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. வருத்தத்தைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியுமா என்ன? நிறவெறியை எதிர்த்துப் போராடி, போலீஸ் காவலில் இருந்தபோது இறந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பம் அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனது. அவர்களுக்கு நீதி வேண்டியிருந்தது. அவர்களைக் கறுவுகிறவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மன்னிப்பு கேட்டு வாங்குவதோ பிறர் சொல்லிக் கொடுப்பதோ அல்ல. அடிக்கிற கை இன்னும் அடித்துக்கொண்டிருந்தால் முதலில் அங்கிருந்து விலக வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. என் கதை அந்த வகை இல்லை. வெறும் வீம்பு.

சென்ற ஆண்டு அவனை ஒரு துக்க வீட்டில் பார்த்தேன். தப்பிக்க வழியில்லை, பக்கத்து நாற்காலி. நானே பேச்சை எடுத்தேன். "என் மேல உனக்கு ஏதும் வருத்தம் இல்லையே?" என்றேன். பெருந்தன்மை காட்டுவதாக நினைப்பு.

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க அப்பா செத்தப்ப நீ வரலையேடா. எல்லாரும் வந்தாங்க. நீ மட்டும் வரலை. அதுதான் இத்தனை வருஷமா உறுத்துது," என்றான்.

அவன் அப்பா இறந்தது என் காதுக்கு வந்ததா, வந்தும் வீம்பில் போகாமல் இருந்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அந்த அலுவலகக் கூட்டத்தில் அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

"தப்புதான்டா, மன்னிச்சுடு," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தத் திட்ட விஷயத்தை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

வணக்கம்.