மொய் நோட்டில் அம்மா பெயர்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும், தேர்வு வேலைக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் கல்லூரி முதல்வர் ஐயாவுக்கும், எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய தமிழாசிரியருக்கும், பந்தல் போட்ட வாசகர் வட்டத் தோழர்களுக்கும், நூறுநாள் வேலை முடிந்து நேரே வந்து பின்னால் நிற்கும் அக்காமாருக்கும் வணக்கம். அக்கா, முன்னால் வாருங்கள், நாற்காலி காலியாக இருக்கிறது.

பண்பாட்டு மானிடவியல், அதாவது மனிதர்களின் வாழ்க்கைமுறையையும் பழக்கவழக்கங்களையும் ஆராயும் படிப்பு, அது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆண் பெண், ஏற்றத்தாழ்வு, கொடுக்கல் வாங்கல் என்று மூன்றைச் சொல்லப் போகிறேன். கொடுக்கல் வாங்கலில் தொடங்குகிறேன். இது ஆடி மாதம், கீரமங்கலத்தில் இருந்து பேராவூரணி வரைக்கும் மொய் விருந்து நடக்கிற நேரம். விருந்து வைக்கிறவருக்கு வந்தவர்கள் மொய் எழுதுவார்கள், அதை அவர் நோட்டைப் பார்த்துப் பின்னால் அவர்கள் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பப்புவா நியூ கினியில் டிரோபிரியாண்ட் தீவுகள் இருக்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே தங்கியிருந்த மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், 1922இல் 'குலா' என்ற அவர்களின் கொடுக்கல் வாங்கல் பற்றி எழுதினார். சிப்பி மாலை ஒரு திசையில் தீவு தீவாகப் போகும், சிப்பி வளை எதிர்த் திசையில் வரும், யாரும் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. படகேறிப் போகிறவர்கள் ஆண்கள். படித்தவர்கள் எல்லாரும் அந்த ஆண்களைப் பற்றியே பேசினார்கள். அப்புறம் 1970களின் தொடக்கத்தில் அனெட் வைனர் என்ற பெண் மானிடவியலாளர் அங்கே போனார். ஊர்ப் பெண்கள் அவரை ஒரு சாவுச் சடங்குக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே பார்த்தால், இறந்தவரின் தாய்வழிப் பெண்கள், வாழை இலையைச் சுரண்டிக் காயவைத்துக் கட்டிய கட்டுகளை, துக்கத்தில் கூட நின்ற ஒவ்வொருவருக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள், ஆயிரக்கணக்கில். நமக்கு அது சருகு, அவர்களுக்கு அது செல்வம். மனைவியின் சொந்தத்தில் சாவு விழுந்தால் கணவன் தன் பொருளைக் கொடுத்தாவது அவளுக்குக் கட்டு சேர்த்துத் தர வேண்டும். ஆண்கள் கொடுத்ததை அவ்வளவு நுணுக்கமாக எழுதிய மலினோவ்ஸ்கி, பெண்கள் கொடுத்ததற்கு அந்த இடத்தைத் தரவில்லை. 1976இல் வந்த வைனரின் புத்தகம்தான் அதைக் கணக்கில் சேர்த்தது.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மொய் நோட்டுதான் கண்ணில் வந்தது.

அம்மா ஆடு வளர்த்தார். எந்த வீட்டு விசேஷம் என்றாலும் அம்மாவின் கிடா ஒன்று சந்தைக்குப் போகும், அந்தப் பணத்தை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார், நோட்டில் அப்பா பெயர் ஏறும். ஒருமுறை அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மாவே போனார், எட்டு வயதில் நானும் கூடப் போனேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரூபாய் நோட்டை நீவி விட்டு, இரண்டு தடவை எண்ணி வைத்தார். எழுதுகிறவர் பணத்தை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்றார். அந்தக் காலத்தில் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் அப்பா பெயரைச் சொன்னேன். கிடாவை வளர்த்தவர் பெயர் அந்த மேசையில் யாருக்கும் தேவைப்படவில்லை.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது மொய் நோட்டு அண்ணன் கைக்குப் போனது. பெண் பிள்ளை எனக்கு அதில் பேச்சே இல்லை. சில வருடம் கழித்து அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, கையில் பணம் இல்லை, ஒரு விருந்து வைத்து மொய் வாங்கலாம் என்று நினைத்தார். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: "அந்தக் கணக்கை உங்க மகன் விருந்திலேயே செஞ்சு முடிச்சிட்டோமே அத்தை." அவர்கள் பொய் சொல்லவில்லை, நோட்டில் இருந்தபடி நேர்மையாகத் திருப்பிவிட்டார்கள். அம்மா அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பழமொழியைத்தான் சொன்னார், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று. அழவில்லை. தெருவில் மேய்ந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது மூன்றுமே கடமை என்று பிரான்சின் மார்செல் மோஸ் என்ற அறிஞர் 1925இல் எழுதினார். சரி, திருப்பித் தருவது யாருக்கு? பெயர் எழுதியிருக்கிறவருக்குத்தானே! ஏற்றத்தாழ்வு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நேரம் இல்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பது இது ஒன்றுதான். மொய் நோட்டில் கொடுத்த பெண்ணின் பெயரையும் எழுதுங்கள். இப்போது கம்ப்யூட்டரில் எழுதி ரசீதே கொடுக்கிறார்கள், அதில் ஒரு கட்டம் கூட்டுவது பெரிய வேலை இல்லை. பணம் இருவருடையது என்றால் இரண்டு பெயர். வாயும் வயிறும் வேறு என்றால் கணக்கிலும் வேறாகத்தானே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சேர்ந்து விருந்து வைக்கும் வீட்டுக்காரர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள், மொய் எழுதப் போகிற தம்பியும் அந்தத் தூண் பக்கத்தில் நிற்கிறார். தம்பி, அன்றைக்கு ஒரு அம்மா முந்தானையை அவிழ்த்துப் பணத்தை நீட்டினால், "உங்க பேர் என்னம்மா" என்று முதலில் கேளுங்கள். வணக்கம்.