டைப்ரைட்டருக்கு ஒரு லைசென்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். 1980களில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த ருமேனியாவில் ஒரு சாதாரணக் குடும்பம் வீட்டில் டைப்ரைட்டர் வைத்துக்கொள்ள போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டுமே நாள் முழுக்கப் பேசலாம். ஆனால் முதலில் சாப்பாட்டைப் பார்த்துவிடுவோம், அதுதான் முறை.

ரேஷன் கடை வரிசையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பையையோ கல்லையோ இடத்துக்கு வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம் இல்லையா? ருமேனியத் தலைநகரான புக்கரெஸ்ட் நகரத்திலும் அதேதான். விடியும் முன்பே பால் கடை வாசலில் காலிப் பாட்டில்களும் பைகளும் ஆளுக்குப் பதிலாக நிற்கும். சிலிண்டர் கிடைக்கும் இடத்தில் காலி சிலிண்டர்கள் நிற்கும். ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு ரேஷனில் சர்க்கரை இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடை இருக்கிறது. அங்கே இருந்ததெல்லாம் அரசுக் கடை. சரி, கிடைக்கும்போது கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. ஒரு குடும்பத்தின் ஒரு மாதத் தேவைக்கு மேல் எண்ணெய், சர்க்கரை, மாவு, அரிசி, காப்பி வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்று 1981 அக்டோபரில் ஆணை வந்துவிட்டது.

ஏன் இந்தத் தட்டுப்பாடு? பஞ்சம் வந்ததா, போர் வந்ததா? இரண்டும் இல்லை. தொழிற்சாலைகளுக்காக வெளிநாட்டில் வாங்கிய கடன் 1981 வாக்கில் ஏறக்குறைய ஆயிரம் கோடி டாலர். அதை ஒரு பைசா பாக்கியில்லாமல் அடைத்துவிடுவது என்று நாட்டை ஆண்ட நிக்கொலாய் சௌசெஸ்கு தீர்மானித்தார். இறைச்சியும் தானியமும் கப்பலேறின. உள்ளூர்க் கடைக்கு வந்தவை பன்றிக்கால், கோழிக் கழுத்து, கோழித் தலை. ஜனங்கள் பன்றிக்காலுக்கு ‘அடிடாஸ்’ என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். 1989 ஏப்ரலில் கடன் அடைந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் வரிசை குறையவில்லை. அந்த டிசம்பரில் ஆட்சி போயிற்று.

இப்போது டைப்ரைட்டர். நம் ஊரில் லோயர், ஹையர் என்று டைப்ரைட்டிங் பரீட்சை எழுதியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இன்ஸ்டிடியூட்டில் பத்து மெஷின் இருந்தால், பத்தும் ஒரே கம்பெனி என்றாலும், தாளைப் பார்த்தே எந்த மெஷின் என்று பழகின மாஸ்டர் சொல்லிவிடுவார். ஒன்றில் ஆங்கில ‘இ’ எழுத்தின் வயிற்றுக்குள் மை அடைத்துக்கொண்டிருக்கும். ஒன்றில் ‘டி’ அரை நூல் மேலே ஏறி விழும். இன்னொன்றில் ‘ஆர்’ எழுத்தின் ஒரு கால் தேய்ந்திருக்கும். எழுத்துத் தண்டு லேசாக வளைந்தாலே போதும், அந்த எழுத்து அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அதே கோணத்தில் சாயும். கைரேகை மாதிரிதான்.

1983 மார்ச்சில் வந்த 98ஆம் எண் ஆணை இந்தக் கைரேகையைப் பிடித்துக்கொண்டது. டைப்ரைட்டர் வைத்திருப்பவர் மிலிட்சியாவிடம், அதாவது அந்த ஊர்ப் போலீஸிடம், எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மெஷினைக் கொண்டுபோய் எல்லா எழுத்தும் எண்ணும் குறியும் விழும்படி ஒரு மாதிரித் தாள் அடித்துத் தர வேண்டும். அது ஒரு தடவையோடு முடியாது. ஒவ்வொரு வருஷமும் ஆரம்பத்திலேயே புது மாதிரி தர வேண்டும். ரிப்பேர் செய்து எழுத்து மாறினால் மறுபடியும் தர வேண்டும். தண்டனை பெற்றவர், ‘ஆபத்தானவர்’ என்று போலீஸ் கருதுபவர் ஆகியோருக்கு அனுமதியே கிடையாது. மெஷினை அனுமதி உள்ளவருக்குக் கைமாற்றிவிட வேண்டும். இரவல் கொடுக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. நகல் எடுக்கும் மெஷினைத் தனியார் வைத்திருக்கவே கூடாது.

எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். தெருச் சுவரில் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்சியைத் திட்டி ஒரு துண்டுத்தாள் ஒட்டப்படுகிறது. கார்பன் வைத்து நாலைந்து பிரதி. செக்யூரிட்டாட்டே, அதாவது ரகசியப் போலீஸ், அந்தத் தாளை மாதிரித் தாள்களோடு வைத்துப் பார்த்தால் மெஷின் அகப்பட்டுவிடும், மெஷின் அகப்பட்டால் வீடு அகப்படும். சரி, கையால் எழுதினால்? கையெழுத்து மாதிரிகளையும் சேகரித்து வைத்திருந்தார்கள்.

சொந்த நாட்குறிப்புக்கே என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஜியோர்ஜெ உர்சு என்கிற பொறியாளர் டைரி எழுதிவந்தார். விஷயம் ரகசியப் போலீஸுக்குப் போயிற்று. 1985 செப்டம்பரில் கைதானார். ஏட்டில் எழுதிய குற்றம் டைரி இல்லை. வீட்டில் சில டாலர் நோட்டு வைத்திருந்தது. நவம்பரில் காவலில் அடிபட்டு இறந்துபோனார். அந்த டாலர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதோ திரும்ப வருகிறது.

நாட்டை விட்டுப் போவதற்கு வருவோம். பாஸ்போர்ட் கையில் இருக்காது, போலீஸிடம் இருக்கும். குடிபெயர விரும்புகிறவர் முதலில் ‘சின்னப் படிவங்கள்’ என்பதை நிரப்பித் தர வேண்டும். அது விண்ணப்பிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம்! அது தேறினால்தான் ‘பெரிய படிவங்கள்’ கிடைக்கும். நடுவில் மாதங்கள் போகும், பலருக்கு வருஷங்கள். இதில் பெரிய சிக்கல், படிவம் கொடுத்த அன்றைக்கே ஆள் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார். வேலையில் கீழே இறக்குவார்கள் அல்லது நீக்கிவிடுவார்கள். கடைசியில் மறுப்பும் வரலாம். அப்போது போகவும் முடியாது, பழைய வேலையும் இருக்காது. அனுமதி கிடைத்தாலோ வீடு அரசுக்குப் போகும், அரசு வைத்ததுதான் விலை.

1982 நவம்பரில் இன்னொரு ஆணை. குடிபெயர்கிறவர் தன் படிப்புக்கு அரசு செய்த செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் வெளிநாட்டுப் பணத்தில். இப்போது சொல்லுங்கள், டாலர் வைத்திருந்தால் ஜெயில் என்கிற நாட்டில் டாலராகக் கட்டு என்றால் யார் கட்டுவது? வெளிநாட்டு உறவினர்தான் கட்ட வேண்டும். அமெரிக்கா தந்துவந்த வர்த்தகச் சலுகையை எடுத்துவிடுவதாக மிரட்டியதும், 1983இல் அதை வசூலிப்பதில்லை என்று சௌசெஸ்கு ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஆளுக்கு விலை வைக்கும் வழக்கம் நிற்கவில்லை. ருமேனியாவில் பல நூறு வருஷமாக இருந்த ஜெர்மன் மொழிக்காரர்களை அனுப்பிவைக்க மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு மார்க் என்று பணம் கொடுத்தது. 1978இல் சௌசெஸ்குவும் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் ஹெல்முட் ஷ்மிட்டும் பேசி முடித்த பிறகு அது வருஷக் கணக்காக நடந்தது. 1989 வரைக்கும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இப்படிப் போனார்கள். அதற்கும் முன்னால் யூதர்களை அனுப்புவதற்குக் கோழிப் பண்ணைச் சாதனங்களும் உயர்சாதிப் பன்றிகளும் வாங்கிக்கொண்ட அரசாங்கம் அது.

உறவும் பணமும் இல்லாதவருக்கு எல்லையில் ஓடும் டான்யூப் நதிதான் வழி. சக்கரத்துக்குள் போடும் ரப்பர் டியூபைக் கட்டிக்கொண்டு யூகோஸ்லாவியாவுக்கு நீந்துவார்கள். ருமேனியக் காவலர் சுடுவார்கள். அக்கரை சேர்ந்தாலும் அத்துமீறி நுழைந்ததற்குச் சில வாரம் சிறை. அப்புறம் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் போகலாம், அல்லது திருப்பியும் அனுப்பிவிடலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். புது நாட்டில் குடியேறிய கதையை இரண்டு வரியில் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மொழிக்காரர்கள் பெரும்பாலும் நியூரம்பர்க்கில் இறங்கிப் பதிவு செய்தார்கள். அங்கேயும் உளவாளியோ என்று விசாரணை உண்டு. மற்றவர்களுக்கு வியன்னா பக்கத்து ட்ரைஸ்கிர்ஹென் முகாம், அங்கிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா. 1999இல் வந்த சட்டப்படி அவர்களும் புக்கரெஸ்டுக்கு எழுதி, ரகசியப் போலீஸ் தங்களைப் பற்றி வைத்திருந்த ஃபைலைக் கேட்டுப் படிக்கலாம். துப்புக் கொடுத்தவரின் பெயர் அதில் புனைபெயராகத்தான் இருக்கும், நிஜப் பெயருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் போட வேண்டும். வணக்கம்.