எதிரொலித்த கூடம்: மான்செஸ்டரின் ஹசியெண்டா

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், விட்வொர்த் தெரு மேற்கில், உல்லாசப் படகு விற்ற ஒரு செங்கல் கட்டடத்தை இசை, நடனக் கூடமாக மாற்றி 1982 மே 21 அன்று திறந்தார்கள். பெயர் ஹசியெண்டா. பணம் போட்டவர்கள் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனமும் நியூ ஆர்டர் இசைக்குழுவும். இசைத்தட்டுக்கு வரிசை எண் கொடுப்பதுபோல கட்டடத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள்: ஃபாக் 51.

உள்ளே வடிவமைத்தவர் பென் கெல்லி. ஆடுகளத்தின் நடுவே நின்ற இரும்புத் தூண்களை அகற்ற முடியாது. இருட்டில் யாரும் மோதிவிடக் கூடாதே என்று, தொழிற்சாலைகளில் அபாயத்துக்குப் பூசும் மஞ்சள் கருப்புப் பட்டைகளைப் பூசினார். அதுவே பின்னாளில் கூடத்தின் அடையாளமாயிற்று.

அழகு ஒரு பக்கம். ஒலி விஷயத்தில் அந்தக் கூடம் பொல்லாதது. செங்கல், கான்கிரீட், உயரத்தில் கண்ணாடிக் கூரை: எதுவும் ஒலியை உறிஞ்சாது, திருப்பியடிக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப 0.1 நொடி. அதற்குள் பாடகர் அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார். சொல்லோடு சொல் குழைந்துவிடும். தெளிவுக்காகக் குரல் மைக்கைக் கூட்டினால், அது ஸ்பீக்கரின் சத்தத்தையே வாங்கி ஊளையிடும். கூட்டம் நிறைந்தால் உடம்புகளும் துணிகளும் கொஞ்சம் உறிஞ்சும். தொடக்க ஆண்டுகளிலோ பல இரவுகளில் கூடம் பாதிகூட நிறையவில்லை.

இசைத்தட்டு ஓட்டும் டிஜேக்கு முதலில் கிடைத்தது மேடையோரத்து அறை. ஆடுகளமே சரியாகத் தெரியாது! பிறகு மாடத்துக்கு மாற்றியது மிகச் சரியான முடிவு.

சிகாகோவிலிருந்து ஹவுஸ் என்ற நடன இசை வந்தபோதுதான் கூடத்துக்கு உயிர் வந்தது. நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால், இரண்டு அடிக்கு நடுவே அரை நொடி. எதிரொலி ஓரளவு அடங்க இடமுண்டு. இசைத்தட்டுக்கு மேடையில் மைக்கும் வேண்டாம், ஊளையும் இல்லை. டிஜே மைக் பிக்கரிங் நடத்திய வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு 1988 வாக்கில் வாசலில் வரிசை நின்றது.

கூடம் நிறைந்தும் கல்லா நிறையவில்லை. இப்படிப்பட்ட கூடங்கள் பிழைப்பது மதுவிற்பனையில். எக்ஸ்டசி போதை மாத்திரை போட்டவர்கள் கேட்டதோ தண்ணீர். மாத்திரையின் பின்னாலேயே கும்பல்களும் துப்பாக்கிகளும் வந்தன. 1991 ஜனவரியில் தற்காலிகமாக மூடி மே மாதம் திறந்தார்கள். 1997 ஜூனில் நிரந்தரமாக மூடினார்கள்.

கட்டடத்தை 2002இல் இடித்தார்கள். அதற்கு முன்பே அதன் பாகங்கள் ஏலம் போயிருந்தன. அதே இடத்தில் எழுந்த அடுக்குமாடி வீடுகளுக்கும் ஹசியெண்டா என்றே பெயர்.