எதிர்விசை எதன் மீது செயல்படுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். 1687ஆம் ஆண்டில் ஐசக் நியூட்டன் வெளியிட்ட மூன்று இயக்க விதிகளுள், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் மூன்றாம் விதியைப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆயினும், மூன்றனுள்ளும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே என்பது என் கருத்து. இரு விசைகளும் சமமாகவும் எதிரெதிர்த் திசையிலும் இருந்தால் ஒன்றையொன்று சமன்செய்துவிடுமே, பிறகு எந்தப் பொருள்தான் நகரும் என்று கேட்கும் மாணவரின் ஐயம் நியாயமானது.

அவ்விரு விசைகளும் ஒரே பொருளின் மீது செயல்படுவதில்லை என்பதே இதற்கு விடை. நடக்கும்போது நம் பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. உராய்வின் வழியாகத் தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. நமது முடுக்கத்தை, அதாவது நம் வேகம் மாறும் வீதத்தை, விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கிய அளவு என்னும் இரண்டாம் விதியைக் கொண்டு கணக்கிடும்போது நம் மீது செயல்படும் விசைகளை மட்டுமே கூட்ட வேண்டும். நாம் தரையின் மீது செலுத்தும் விசைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அறிந்தவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கோடார்டின் கருத்தை மறுத்து 1920இல் தலையங்கம் எழுதிய 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ், வெற்றிடத்தில் உந்தித் தள்ள எதுவும் இல்லாததால் ராக்கெட் அங்கே இயங்காது என்று வாதிட்டது. உண்மையில் ராக்கெட் தள்ளுவது காற்றை அன்று, தான் வெளியேற்றும் வாயுவையே. அந்த வாயு ராக்கெட்டை எதிர்த்திசையில் தள்ளுகிறது. அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்த நாளிதழ் தன் திருத்தத்தை வெளியிட்டது.

இதைவிட நுட்பமான பிழை ஒன்றும் உண்டு. நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் எடையும், தரை அவரை மேல்நோக்கித் தள்ளும் விசையும் மூன்றாம் விதி கூறும் இணை என்று பலர் கருதுகிறார்கள். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மின்தூக்கியில் நிற்பதாகக் கொள்வோம். அது அசையாமலோ மாறாத வேகத்திலோ இருக்கும்வரை அவரது எடையும் தளத்தின் விசையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 490 நியூட்டன். இந்தச் சமநிலைதான் நம்மை ஏமாற்றுகிறது. மின்தூக்கி வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என்ற முடுக்கத்துடன் மேலெழும்பினால் எடை 490 நியூட்டனாகவே இருக்க, தளத்தின் விசை மட்டும் 590 நியூட்டனாக உயர்கிறது. மிகுதியான 100 நியூட்டன்தான் அவருக்கு அந்த முடுக்கத்தைத் தருகிறது. இணைவிசைகள் எந்த நிலையிலும் சமமாகவே இருக்க வேண்டும் என்பதால் இவ்விரண்டும் இணை ஆகமாட்டா.

தளத்தின் விசைக்கு இணை, அவரது பாதம் தளத்தை அழுத்தும் விசை. அதுவும் அப்போது 590 நியூட்டனே. எடை என்பது புவி அவரை ஈர்க்கும் விசையாதலால், அதன் இணை அவர் புவியை ஈர்க்கும் விசையாகும். புவியின் நிறை 6 என்ற எண்ணுக்குப் பின் 24 சுழியங்கள் இட்டால் வரும் அளவு கிலோகிராம் என்பதால், அந்த 490 நியூட்டன் அதற்குத் தரும் முடுக்கம் அளவிட முடியாத அளவுக்கு மிகச் சிறியது.