தோளுக்கு மிஞ்சியவர்களும் கடைசி பீரியடும்

நடுநாயகமாக வீற்றிருக்கும் விழாத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, வேறொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும் எனக்காகக் காத்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பந்தல் செலவை ஏற்றுக்கொண்டு ‘என் பேரை மைக்கில் சொல்லக் கூடாது’ என்று சத்தியம் வாங்கிக்கொண்ட வியாபாரி அவர்களே, பைக்கில் சாய்ந்தபடி ‘இவரு எப்ப முடிப்பாரு’ என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

வளரிளம் பிள்ளைகள் அடுத்தவர்களை எப்படிக் கவனிக்கிறார்கள், எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். காது, கண், கோபம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து நம் ஆச்சிமார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: தோளுக்கு மிஞ்சினால் தோழன்.

முதலில் காது. ‘எட்டாப்பு வரைக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தான், இப்போ காதுலயே விழமாட்டேங்கு’ என்று சொல்லாத தாய் இந்தப் பந்தலில் உண்டா? அம்மா, அவன் காதில் விழத்தான் செய்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 7 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, பெற்ற தாயின் குரலையும் முன்பின் அறியாத பெண்களின் குரலையும் ஒலிபரப்பினார்கள். அர்த்தமில்லாத சொற்கள்தாம், ஒவ்வொன்றும் ஒரு நொடிகூட இல்லை. சிறு பிள்ளைகளின் மூளையில் ‘இது எனக்கு முக்கியம்’ என்று மதிப்புப் போடுகிற பகுதிகள் தாயின் குரலுக்குத்தான் அதிகம் துள்ளின. 13 வயது வாக்கில் அது திரும்பிவிடுகிறது. அறியாத குரலுக்குத் துள்ளல் கூடுகிறது. அம்மா குரலை மறந்துவிடவில்லை. ஊர் உலகத்துக்கு அவன் காதைத் திறந்துவிடுகிறது வயது. அதைப் போய்த் திமிர் என்கிறோம். தோளுக்கு மிஞ்சினால் தோழன்!

அடுத்தது கண். இதற்கு ஒரு கதை உண்டு. கல்வி அலுவலர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைக்குக் கபடிப் போட்டி வைப்பார்கள். மணத்தி கணேசன் பிறந்த மண் அய்யா இது! 1995-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். மணத்தி இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்பீர்கள். 1986-இல் பிரிப்பதற்கு முன்னால் எல்லாம் ஒரே நெல்லைதானே? இருக்கட்டும். அன்றைக்கு எதிரணியில் ஒருவன் வந்தான், ஆள் பனைமரம் மாதிரி. பாடி வந்தான் என்றால் இரண்டு பேரை அடித்துவிட்டுத்தான் திரும்புவான். கமிட்டிக்காரர் மைக்கில் கத்துகிறார், கொட்டுக்காரர் ஒரு பக்கம் அடிக்கிறார், பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். நம்ம பக்கம் மூலையில் நின்றது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன். வீட்டில் நாலு வார்த்தை பேசமாட்டான். ‘இவனுக்கு ஒரு விவரமும் பத்தாது’ என்று அவன் மாமாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் பாய்ந்தான் பாருங்கள், பனைமரத்தின் கணுக்காலைப் பிடித்தான். விடவில்லை!

கூட்டம் அடங்கின பிறகு கூப்பிட்டுக் கேட்டேன், ‘ஏலே, எப்படில கண்டுபிடிச்ச?’ அவன் சொல்கிறான்: ‘திரும்பப் போறதுக்கு முந்தி அவன் எடது குதிகால் லேசாத் தூக்கும் சார். அப்புறம், அவங்க அப்பா கூட்டத்துல நிக்காரு. அவரு கத்தும்போதெல்லாம் பயந்து அந்தப் பக்கம் பாக்கான். பாவம் சார்.’

பாவம் என்றான்! எதிராளி மனசுக்குள் போய்வந்த பிள்ளைக்கு விவரம் பத்தாதாம். ‘அவன் நினைப்பு வேறு, என் நினைப்பு வேறு’ என்பது நாலைந்து வயதிலேயே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஆனால், நொடிப்பொழுதில் அடுத்தவன் இடத்தில் நின்று பார்ப்பது பதினாறு, பதினேழு வயதிலும் தேறிக்கொண்டேதான் இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தேறுவதற்கு எதிரே முகம் வேண்டாமா? தெற்குக் கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேரை, செல்போன், டிவி எதுவும் இல்லாமல் 5 நாள் முகாமில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான ஆய்வு. திரும்பி வந்தபோது, வழக்கம்போல் வீட்டில் இருந்த பிள்ளைகளைவிட, முகத்தைப் பார்த்து மனசைச் சொல்வதில் இவர்கள் அதிகம் முன்னேறியிருந்தார்கள். ஐந்தே நாள்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியை அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்தாம் வகுப்புக்கு ஜனவரி பிறந்தால் பி.டி. பீரியட் எங்கே போகிறது? ‘போர்ஷன் முடிக்கணும்’ என்று கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். திருப்பிக் கொடுத்த வாத்தியாரை நான் பார்த்ததில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடல் இருக்கிறது அய்யா, அதில் கார் நிற்கிறது. பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். ஆறாம் வகுப்போடு வளையப்பந்தைப் பூட்டி வைத்துவிடுகிறோம். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்கிறோமே, அந்தத் தோழன் விளையாட்டு பீரியடில் கிடைக்காமல் டியூஷன் சென்டரிலா கிடைப்பான்?

தலைவர் அண்ணாச்சி சீட்டு அனுப்பிவிட்டார். கோபத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். விட்டுப்போனது பி.டி. ஆசிரியர் பெயர்தான், நாற்காலி எடுத்துப் போடப் போயிருக்கிறார், அவரே, வணக்கம். தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்: எந்த வகுப்புக்கும், எந்த மாதத்திலும், விளையாட்டு பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது. குழுத் தலைவி அம்மா நோட்டை மேசையில் விரித்து வைத்திருக்கிறார். பெற்றோர்கள் டீ குடிக்கப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பைக்கில் சாய்ந்திருக்கும் தம்பிகளே, அந்தக் காரை முதலில் திடலைவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.